கங்கை ஓங்கிலும் கனடாவின் கம்பளி லைக்கனும்: சொந்தம் எவ்வளவு, ஆபத்து எவ்வளவு?

ஒரு லைக்கனையும் (பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் கூட்டுயிர்) ஓர் ஆற்று ஓங்கிலையும் (டால்பின்) வகைப்பாடு, பாதுகாப்பு நிலை இரண்டையும் வைத்து ஒப்பிட்டு எழுதச் சொல்லியிருக்கிறார்கள், ஒன்று மரப்பட்டையில் ஒட்டிக் கிடப்பது, மற்றது ஆற்றில் நீந்துவது, இதில் ஒப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். குழப்பம் நியாயமானதுதான். ஆனால் எனக்கு இந்த ஜோடி மிகவும் பிடித்திருக்கிறது, ஏனென்றால் புலியையும் சிறுத்தையையும் ஒப்பிட்டால் தெரியவராத இரண்டு மூன்று விஷயங்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் தெரியவரும்.

முதலில் ஒன்றைச் சரிசெய்துகொள்ளுங்கள். "லைக்கன்" என்பதும் "ஆற்று ஓங்கில்" என்பதும் எந்தச் சிற்றினத்தின் பெயரும் இல்லை. பாதுகாப்பு நிலை பெரும்பாலும் சிற்றினத்துக்குச் சிற்றினம் தரப்படுவது, எனவே இந்த லைக்கன், இந்த ஓங்கில் என்று பெயர் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும். நான் எடுத்துக்கொள்வது கங்கை ஓங்கில், அறிவியல் பெயர் பிளாட்டனிஸ்டா கேஞ்செட்டிகா. லைக்கனில் எரியோடெர்மா பெடிசெல்லாட்டம். இது முக்கியமாகக் கனடாவின் கிழக்குக் கரையில், நியூஃபவுண்ட்லாந்து தீவிலும் நோவா ஸ்கோஷியாவிலும் ஃபிர் மரங்களின் பட்டையில் வளர்வது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் 2003-ல் முதன்முதலாக இரண்டு லைக்கன்கள் இடம்பெற்றன, அதில் இது ஒன்று. இன்னொன்று அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் மணற்பாங்கான புதர்க்காட்டில் வளரும் கிளாடோனியா பெர்ஃபொராட்டா.

ஓங்கிலிலிருந்து தொடங்கலாம், அது சுலபம். விலங்குலகம், முதுகுநாணிகள் தொகுதி, பாலூட்டிகள் வகுப்பு. அடுத்து வரும் வரிசையில்தான் பலரும் பழைய பாடப்புத்தகத்தைப் பார்த்து "சீட்டேசியா" என்று எழுதிவிடுகிறார்கள். திமிங்கிலங்களும் ஓங்கில்களும் இரட்டைக் குளம்பு விலங்குகளின் கிளையிலிருந்து வந்தவை, இன்று உயிரோடிருப்பவற்றில் அவற்றுக்கு மிக நெருங்கிய சொந்தம் நீர்யானை என்று மரபணுவும் புதைபடிவமும் சேர்ந்தே சொல்லிவிட்டன. அதனால் இப்போது வரிசை ஆர்ட்டியோடாக்டைலா, அதாவது மாடும் மானும் பன்றியும் ஒட்டகமும் இருக்கும் அதே வரிசை, சீட்டேசியா அதற்குள் ஓர் உட்பிரிவு. அதற்குக் கீழே பல்லுள்ள திமிங்கிலங்கள், பிளாட்டனிஸ்டிடே குடும்பம், பிளாட்டனிஸ்டா பேரினம். அந்தக் குடும்பத்தில் இன்று மிஞ்சியிருப்பது இந்த ஒரே பேரினம்தான், மற்றவை எல்லாம் புதைபடிவமாக மட்டுமே கிடைக்கின்றன.

இந்த ஓங்கிலுக்கு அறிவியல் பெயர் வந்த கதையில் நம் ஊரும் உண்டு. 1801-ல் இரண்டு பேர் தனித்தனியாக இதை விவரித்து எழுதினார்கள். ஒருவர் கல்கத்தா தாவரவியல் பூங்காவைக் கவனித்துவந்த வில்லியம் ராக்ஸ்பர்க். மற்றவர் ஹென்ரிக் யூலியஸ் லெபெக், பெர்லினில் வெளிவந்த அவருடைய கட்டுரையின் தலைப்பிலேயே "தரங்கம்பாடியைச் சேர்ந்த" என்று இருக்கும், டேனிஷ்காரர்களின் கோட்டை இருக்கிறதே, அதே தரங்கம்பாடி. யார் முந்தியவர் என்று நீண்ட நாள் பேச்சு நடந்து, இப்போது பெயருக்குப் பின்னால் லெபெக், 1801 என்று எழுதுவதுதான் வழக்கமாகியிருக்கிறது. உங்கள் விடையிலும் அப்படியே எழுதுங்கள், பழைய நூல்களில் ராக்ஸ்பர்க் என்று பார்த்தால் குழம்ப வேண்டாம்.

இன்னொரு மாற்றமும் உண்டு. பாகிஸ்தானில் சிந்து நதியில் வாழும் ஓங்கில் இதன் துணையினமா தனிச் சிற்றினமா என்று ஐம்பது ஆண்டுகளாக மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2021-ல் மண்டையோட்டு அளவுகளையும் மரபணுவையும் சேர்த்துப் பார்த்துத் தனிச் சிற்றினம், பிளாட்டனிஸ்டா மைனர் என்று பிரித்துவிட்டார்கள். பஞ்சாபின் பியாஸ் ஆற்றில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் இருப்பவை இந்தச் சிந்து வகைதான், கங்கை வகை இல்லை.

சரி, "ஆற்று ஓங்கில்" என்ற சொல்லுக்கு வருவோம். கங்கை ஓங்கில், அமேசானின் இளஞ்சிவப்பு ஓங்கில், சீனாவின் யாங்சி ஆற்றில் இருந்த பாய்ஜி, இவை மூன்றும் பார்க்க ஒரே வீட்டுப் பிள்ளைகள் போல இருக்கும். நீண்ட மெல்லிய அலகு, சின்னக் கண், தாராளமாகத் திரும்பும் கழுத்து, அகன்ற துடுப்பு. நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரே குழுவாகத்தான் வைத்திருந்தார்கள். ஆனால் அமேசான் ஓங்கிலும் பாய்ஜியும் கங்கை ஓங்கிலைவிடக் கடல் ஓங்கில்களுக்குத்தான் நெருங்கிய சொந்தம். கங்கை ஓங்கில் வெகு முன்னாலேயே பிரிந்து போன தனிக் கிளை. கலங்கிய ஆற்றுநீரில் மீன் பிடித்துப் பிழைக்க வேண்டிய கட்டாயம் தனித்தனியாகப் பிரிந்த கிளைகளை ஒரே மாதிரி உருவத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. ஐராவதி ஓங்கில் ஆற்றிலும் வாழ்கிறது, நம் சிலிகா ஏரியிலும் வாழ்கிறது, ஆனால் அது கடல் ஓங்கில் குடும்பம். ஆக "ஆற்று ஓங்கில்" என்பது "மீனவர்" என்பதைப் போல, செய்யும் தொழிலைச் சொல்லும் பெயர், குடும்பப் பெயர் இல்லை.

இதை மனதில் வைத்துக்கொண்டு லைக்கன் பக்கம் வாருங்கள்.

லைக்கனைப் பார்த்ததே இல்லை என்று நினைக்காதீர்கள். செட்டிநாட்டுக் குழம்புக்கும் பிரியாணிக்கும் போடும் கல்பாசி ஒரு லைக்கன்தான், பெரும்பாலும் பார்மோட்ரீமா பேரினத்தைச் சேர்ந்தது, கடையில் வாங்கும் பொட்டலத்தில் இரண்டு மூன்று வகைகள் கலந்தே இருக்கும். பெயரில் பாசி என்று இருந்தாலும் முழுக்கப் பாசி இல்லை. உடம்பின் பெரும்பகுதி பூஞ்சை, அந்தப் பூஞ்சை இழைகளுக்கு நடுவே மெல்லிய அடுக்காகப் பச்சைப் பாசி செல்களோ சயனோபாக்டீரியா எனும் நீலப்பச்சைப் பாசியோ இருக்கும், வெயிலைப் பிடித்து உணவு தயாரிப்பது அவை. லின்னேயஸ் 1753-ல் லைக்கன்களை எல்லாம் ஒரே பேரினமாக்கிப் பாசிகளோடு சேர்த்துவிட்டார். இரண்டு வேறு வேறு உயிர்கள் சேர்ந்ததுதான் லைக்கன் என்று சுவிட்சர்லாந்தின் சைமன் ஷ்வெண்டனர் 1867-ல் சொன்னபோது அன்றைய லைக்கன் வல்லுநர்களில் பலர் ஏற்க மறுத்தார்கள். அவர் சொன்னதுதான் நின்றது. இப்போது மூன்றாவதாக ஈஸ்ட் வகைப் பூஞ்சையும் பல லைக்கன்களின் மேல்தோலில் இருக்கிறது என்று 2016-ல் வெளியான ஆய்வு காட்டியது, அதன் பங்கு என்ன என்பதில் இன்னும் வாதம் ஓடுகிறது.

அப்படியானால் பெயர் யாருக்கு? இது தேர்வில் கட்டாயம் மதிப்பெண் தரும் இடம், நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பெயரிடல் விதிப்படி லைக்கனுக்கு வைக்கும் பெயர் அதிலுள்ள பூஞ்சையின் பெயர். உள்ளே இருக்கும் பாசிக்கோ சயனோபாக்டீரியாவுக்கோ தனிப் பெயர் உண்டு. எனவே எரியோடெர்மா பெடிசெல்லாட்டம் என்று எழுதும்போது பூஞ்சையுலகம், ஆஸ்கோமைக்கோட்டா தொகுதி, லெக்கனோரோமைசீட்ஸ் வகுப்பு, பெல்டிஜெராலிஸ் வரிசை, பன்னாரியேசீ குடும்பம், எரியோடெர்மா பேரினம். அதனுள் குடியிருக்கும் ரைசோனீமா எனும் சயனோபாக்டீரியாவுக்கு இந்த ஏணியில் ஒரு படிகூட இல்லை, அது பாக்டீரியாக்கள் பக்கம் போய் நிற்கும். எரியோடெர்மா என்றால் கிரேக்கத்தில் கம்பளித் தோல், மேற்பரப்பு முழுக்க மெல்லிய ரோமம் படர்ந்திருக்கும், அதனால்தான் தலைப்பில் கம்பளி லைக்கன் என்று எழுதினேன். கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் கேம்போபெல்லோ தீவில் 1902-ல் எடுத்த மாதிரியை வைத்து 1911-ல் வேறொரு பேரினத்தின் கீழ் விவரித்தார்கள், 1972-ல்தான் எரியோடெர்மாவுக்கு மாறியது.

லைக்கன் என்பதும் இப்படித் தொழிலைச் சொல்லும் பெயர்தான். பூஞ்சைகளின் பல கிளைகளில், பல காலங்களில், தனித்தனியாக இந்தக் கூட்டு வாழ்க்கை உருவாகியிருக்கிறது, ஏறக்குறைய 20,000 சிற்றினங்கள் இப்படி வாழ்கின்றன, ஆனால் அவை எல்லாம் ஒரே மூதாதையின் வாரிசுகள் இல்லை. உங்கள் ஒப்பீட்டுக்கு இதைவிட நல்ல புள்ளி கிடைக்காது. இரண்டு பெயர்களுமே பிழைப்பைச் சொல்கின்றன, பிறப்பைச் சொல்வதில்லை.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. "இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை" என்று எழுதினால் அது தவறு. பூஞ்சைகள் செடிகொடிகளுக்குச் சொந்தம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், தாவரவியல் துறையில் வைத்து நடத்துவதால் வந்த பழக்கம் அது. உண்மையில் பூஞ்சைகளும் விலங்குகளும் ஒரே பெருங்கிளை, அதற்கு ஒபிஸ்தோகோண்டா என்று பெயர், பின்பக்கம் ஒற்றை வால் கொண்டவை என்று பொருள். ஓங்கிலின் விந்தணுவுக்குப் பின்னால் ஒரே ஒரு வால் இருக்கிறது, நீரில் வாழும் சில பூஞ்சைகளின் நீந்தும் வித்துகளுக்கும் அப்படியே. இரண்டு கிளைகளும் பிரிந்து நூறு கோடி ஆண்டு அளவில் ஆகிவிட்டது, ஆனாலும் சொந்தம் சொந்தம்தான். அப்படிப் பார்த்தால் எரியோடெர்மாவின் பூஞ்சைக்குத் தன் உடம்புக்குள் குடியிருக்கும் சயனோபாக்டீரியாவைவிடக் கங்கையில் நீந்தும் ஓங்கில் நெருங்கிய உறவு. சயனோபாக்டீரியாவின் செல்லில் உட்கருவே கிடையாது, பூஞ்சையின் செல்லிலும் ஓங்கிலின் செல்லிலும் உண்டு. நான் முதன்முதலில் இதைப் புரிந்துகொண்டபோது, கல்பாசி டப்பாவைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றது நினைவிருக்கிறது.

வகைப்பாடு இவ்வளவு போதும். பாதுகாப்பு நிலைக்கு வருவோம், நீங்கள் கவனமாக எழுத வேண்டிய இடம் இதுதான்.

சிவப்புப் பட்டியல் சொல்வது இது: கங்கை ஓங்கில், அருகிய இனம். சிந்து ஓங்கிலும் அருகிய இனம். எரியோடெர்மா பெடிசெல்லாட்டம், 2003 மதிப்பீட்டின்படி, மிக அருகிய இனம், அதாவது ஒரு படி மேலான ஆபத்து. இதைப் பார்த்ததும் "லைக்கன் ஓங்கிலைவிட அரிது" என்று எழுதிவிடாதீர்கள். அருகியது, மிக அருகியது என்ற அந்த நிலைகள் ஓர் உயிரினத்தில் எத்தனை மிஞ்சியிருக்கிறது என்பதை மட்டும் சொல்வதில்லை. எவ்வளவு வேகமாகக் குறைகிறது, எவ்வளவு பரப்பில் இருக்கிறது, அந்தப் பரப்பு எத்தனை துண்டாகியிருக்கிறது, முதிர்ந்தவை எத்தனை, இப்படி ஐந்து அளவுகோல்கள் இருக்கின்றன, ஏதாவது ஒன்றில் எல்லையைத் தாண்டினால் போதும். பத்து ஆண்டு அல்லது மூன்று தலைமுறை, இரண்டில் எது நீளமோ அந்தக் காலத்துக்குள் 50 சதவீதம் குறைந்தால் அருகிய இனம், 80 சதவீதம் குறைந்தால் மிக அருகிய இனம், குறைவுக்கான காரணம் இன்னும் நிற்காமல் இருக்கும்போது பயன்படுத்தும் கணக்கு அது. ஆகவே ஆயிரக்கணக்கில் இருக்கும் ஓர் உயிரும் அருகிய இனமாக இருக்கலாம்.

கங்கை ஓங்கில் அப்படித்தான். இந்தியா 2021 முதல் 2023 வரை 28 ஆறுகளில் 8,500 கிலோமீட்டருக்கு மேல் படகில் போய் எண்ணி 2025 மார்ச்சில் வெளியிட்ட கணக்கு 6,327. அதில் மூன்று பியாஸ் ஆற்றின் சிந்து ஓங்கில்கள், மீதி 6,324 கங்கை ஓங்கில்கள். உத்தரப் பிரதேசத்தில் 2,397, பிகாரில் 2,220, மேற்கு வங்கத்தில் 815, அசாமில் 635. எண்ணுவது சும்மா இல்லை. இந்த ஓங்கில் மூச்சு விட மேலே வந்து ஓரிரு நொடியில் மறைந்துவிடும், கடல் ஓங்கில் மாதிரி துள்ளி விளையாடிக் காட்டாது, ஒன்றையே இரண்டு முறை எண்ணிவிடவும் வாய்ப்புண்டு, தவறவிடவும் வாய்ப்புண்டு. அதனால் இரண்டு குழுக்கள் தனித்தனியாகப் பார்த்து ஒப்பிடுவார்கள், நீருக்குள் ஒலிவாங்கி இறக்கியும் கேட்பார்கள். ஓங்கிலின் கண்ணில் வில்லையே கிடையாது, வெளிச்சம் இருட்டு மட்டும் தெரியும், ஓயாமல் சொடுக்கொலி எழுப்பி அதன் எதிரொலியில்தான் மீனையும் வழியையும் கண்டுகொள்கிறது. அந்தச் சொடுக்கொலியைப் பிடித்து எண்ணலாம். மூச்சுவிடும் சத்தத்தை வைத்துத்தான் இந்தியில் சூன்ஸ், வங்காளத்தில் ஷுஷுக் என்றெல்லாம் பெயர் வந்தது.

லைக்கனை எப்படி எண்ணுவது? ஒரு மரப்பட்டையில் பத்துத் திட்டுகள் இருந்தால் அது பத்து உயிரா, ஒன்று பிய்ந்து பரவிய பத்துத் துண்டா? கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் அந்த லைக்கன் இருக்கும் மரத்தையே ஓர் உயிராக வைத்துக் கணக்கிடுவதும் உண்டு. தலைமுறை என்பதற்கும் இதே தொல்லை. ஓங்கிலுக்குத் தாய், குட்டி, வயது எல்லாம் தெளிவு, இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு குட்டி. ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் வளரும் லைக்கனுக்குத் தலைமுறை நீளம் என்ன என்பது வல்லுநர்கள் ஒப்புக்கொண்ட மதிப்பீடுதான். ஒரே அளவுகோலால் இரண்டையும் அளக்கிறோம், ஆனால் அளக்கும் பொருளின் ஓரம் ஒன்றில் தெளிவாக இருக்கிறது, மற்றதில் மங்கலாக இருக்கிறது. இதை இரண்டு வரியில் எழுதினாலே உங்கள் விடை மற்றவர்களின் விடையிலிருந்து தனியாகத் தெரியும்.

ஆபத்துகளைப் பார்த்தால் உயிரியல் எவ்வளவு வித்தியாசமோ அவ்வளவு வித்தியாசம் அதிலும். ஓங்கிலுக்கு முதல் எதிரி கதவணை. 1975-ல் பராக்கா கதவணை இயங்க ஆரம்பித்ததும் கங்கைக் கூட்டம் மேலும் கீழுமாகப் பிரிந்தது. சிந்து நதியில் இது இன்னும் கொடுமை, 1932-ல் சுக்கூர் கதவணை, 1962-ல் குட்டு கதவணை என்று வரிசையாக வந்து நதியைத் தொட்டிகளாக அறுத்துவிட்டன, இன்று அங்கே மிஞ்சியிருக்கும் இரண்டாயிரம் அளவிலான ஓங்கில்களில் பெரும்பாலானவை இந்த இரண்டுக்கும் நடுவில்தான். பாசனக் கால்வாய்க்குள் வழிதவறிப் போய், தண்ணீர் நிறுத்தும் காலத்தில் மாட்டிக்கொள்வதும் ஒவ்வோர் ஆண்டும் நடக்கிறது, மீட்டுத் திரும்ப ஆற்றில் விடுகிறார்கள். அப்புறம் நைலான் வலை. மீனுக்கு விரித்த வலையில் ஓங்கில் சிக்கினால் சில நிமிடங்களில் மூச்சு முட்டிச் செத்துப்போகும், அது மீன் இல்லையே. பிகாரிலும் அசாமிலும் ஓங்கில் எண்ணெயைக் கெளுத்தி வகை மீன்களைக் கவரும் இரையாகப் பயன்படுத்தும் வழக்கமும் இருந்தது, அதனால் வலையில் சிக்கிச் செத்த ஓங்கிலுக்கும் விலை கிடைத்தது. கோடையில் ஆறு வற்றுவது, சாக்கடையும் ஆலைக் கழிவும் கலப்பது, படகுப் போக்குவரத்தின் இரைச்சல். ஒலியால் வாழும் உயிருக்கு இரைச்சல் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

லைக்கனுக்கு வேரும் இல்லை, இலைக்கு இருப்பது போன்ற மெழுகுத் தோலும் இல்லை. மழை, மூடுபனி, காற்று எதைக் கொண்டுவந்தாலும் உடம்பு முழுக்க உறிஞ்சிக்கொள்ளும். நல்லதும் உள்ளே போகும், கந்தக டை ஆக்சைடும் உள்ளே போகும். பாரிஸின் லக்சம்பர்க் பூங்காவில் லைக்கன்களைப் பார்த்துக் காற்றின் தூய்மைக்கு அவை சாட்சி என்று லைக்கன் ஆய்வாளர் வில்லியம் நைலாண்டர் 1866-லேயே எழுதிவிட்டார். எரியோடெர்மா போலச் சயனோபாக்டீரியாவோடு வாழும் லைக்கன்கள் அமில மழையில் இன்னும் சீக்கிரம் போய்விடும். முதன்முதலில் கண்டெடுத்த நியூ பிரன்ஸ்விக்கிலேயே இன்று அது இல்லை. ஸ்வீடனிலும் இல்லாமல் போயிற்று. நியூஃபவுண்ட்லாந்தில் ஈரமான சதுப்பை ஒட்டிய முதிர்ந்த பால்சம் ஃபிர் மரங்களில் வளர்கிறது, மரம் வெட்டினால் அதோடு லைக்கனும் போயிற்று. இன்னொரு ஆபத்து நினைத்தே பார்க்க முடியாதது: மூஸ் மான். நியூஃபவுண்ட்லாந்து தீவில் மூஸ் இயற்கையாகக் கிடையாது, 1904-ல் அதே நியூ பிரன்ஸ்விக்கிலிருந்து நான்கைக் கொண்டுவந்து விட்டார்கள். தீவின் ஓநாய்களும் பிறகு அழிந்துபோக, இன்று மூஸ்கள் ஒரு லட்சத்துக்கு மேல். அவை ஃபிர் கன்றுகளைக் கடித்துத் தின்றுவிடுகின்றன, அதனால் இன்றைய மரம் விழுந்தால் லைக்கன் போய் ஒட்டிக்கொள்ள அடுத்த மரம் இல்லை.

இனப்பெருக்கத்திலும் அதற்கு ஒரு பலவீனம். பல லைக்கன்கள் பூஞ்சையும் பாசியும் சேர்ந்த சிறு தூள்களை உதிர்த்துப் பரவும், கூட்டாளி கையோடு வந்துவிடுவார். எரியோடெர்மா பெடிசெல்லாட்டம் அப்படிச் செய்வதில்லை, பூஞ்சையின் வித்து மட்டும் தனியாகக் காற்றில் போகும். அது போய் இறங்கும் பட்டையில் சயனோபாக்டீரியா இருக்க வேண்டும், ஃப்ருல்லானியா என்ற சின்னஞ்சிறு பட்டைச் செடியின் உடம்புக்குள் அது தங்கியிருக்கும், அங்கே வித்து விழுந்தால்தான் புது லைக்கன். ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகத் துணை தேட வேண்டும்.

சட்டப் பாதுகாப்பில் இருக்கும் இடைவெளிதான் என்னை உண்மையாகவே வருத்துகிறது. ஓங்கில் இந்தியாவின் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. 1991-ல் பாகல்பூர் அருகே விக்கிரமசீலா ஓங்கில் சரணாலயம், 2009-ல் தேசிய நீர்வாழ் விலங்கு என்ற அறிவிப்பு, 2020-ல் ஓங்கில் திட்டம். பாட்னாவின் ஓங்கில் ஆய்வாளர் ரவீந்திர குமார் சின்ஹா போன்றவர்கள் வாழ்நாளையே இதற்குக் கொடுத்தார்கள். இன்னும் பின்னால் போனால், அசோகர் ஐந்தாம் தூண் கட்டளையில் கொல்லக்கூடாது என்று பட்டியலிட்ட உயிர்களில் "கங்காபுபுடக" என்று ஒன்று வருகிறது, அது கங்கை ஓங்கில்தான் என்று பலரும் கொள்கிறார்கள். உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் இணைப்பிலும் ஓங்கில் உண்டு. அதே சைட்டிஸில் ஒரு பூஞ்சைகூட இல்லை, எனவே ஒரு லைக்கனும் இல்லை. எரியோடெர்மாவுக்குக் கனடாவில் மட்டும் நல்ல கவனிப்பு உண்டு, அங்கேயும் ஒரே சிற்றினத்துக்கு இரண்டு நிலை: நோவா ஸ்கோஷியா பக்கத்து அட்லாண்டிக் கூட்டம் அருகியது, நியூஃபவுண்ட்லாந்துக் கூட்டம் அதைவிடக் குறைந்த "தனிக் கவனம் தேவை" வகை. உலக நிலையும் நாட்டு நிலையும் வேறு வேறாக இருக்கலாம் என்பதற்கு இது நல்ல உதாரணம், எழுதும்போது எது எது என்று குறிப்பிட மறக்காதீர்கள்.

பாலூட்டிகளில் ஏறக்குறைய எல்லாச் சிற்றினங்களையும் சிவப்புப் பட்டியல் மதிப்பிட்டாயிற்று. பூஞ்சைகளில் பெயரிடப்பட்டவையே ஒன்றரை லட்சத்துக்கு மேல், அதில் 2025 மார்ச் நிலவரப்படி மதிப்பிடப்பட்டவை, லைக்கன்களையும் சேர்த்து, 1,300. அவற்றில் 411-க்காவது அழியும் ஆபத்து. மீதி லட்சத்துச் சொச்சமும் நலமாக இருக்கின்றன என்று அர்த்தமில்லை, யாரும் இன்னும் பார்க்கவில்லை என்று அர்த்தம். "மதிப்பிடப்படாதவை" என்ற வகையை "ஆபத்து இல்லாதவை" என்று பல மாணவர்கள் எழுதிவிடுகிறார்கள், நீங்கள் அந்தத் தவறைச் செய்யாதீர்கள். நம் கல்பாசியையே எடுத்துக்கொள்ளுங்கள், காட்டு மரங்களிலிருந்து சுரண்டி மூட்டை மூட்டையாக விற்பனைக்கு வருகிறது, யாரும் பயிரிடுவதில்லை, வளர்வதோ ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர். அதை ஒரு காட்டு உயிராக நினைத்துப் பார்ப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்?

ஓங்கில் பக்கம் பார்வை இருந்தும் தப்பாத கதையும் உண்டு. யாங்சியின் பாய்ஜியை 2006-ல் ஆறு வாரம், சுமார் 3,500 கிலோமீட்டர் தேடினார்கள், ஒன்றுகூடத் தென்படவில்லை. ஊஹான் நகரில் 22 ஆண்டு வளர்ந்த சீச்சீ என்ற பாய்ஜி 2002-லேயே இறந்துவிட்டது. பட்டியலில் இன்றும் அது "மிக அருகிய இனம், அழிந்திருக்கக்கூடும்" என்றுதான் இருக்கிறது, கடைசி உயிரும் போய்விட்டது என்று ஐயமில்லாமல் தெரியும்வரை அழிந்தது என்று எழுத மாட்டார்கள்.

கடைசியாக, அட்டவணை போடுவதானால் ஒவ்வொரு நிலைக்கும் பக்கத்தில் மதிப்பிட்ட ஆண்டையும் எழுதுங்கள். லைக்கனுக்கு இது ரொம்ப முக்கியம். 2003-ல் மிக அருகியது என்று முடிவு செய்தபோது நியூஃபவுண்ட்லாந்தும் நோவா ஸ்கோஷியாவும்தான் அதன் கடைசிப் புகலிடம் என்று நினைத்தார்கள், அதன் பிறகு அலாஸ்காவின் டெனாலி தேசியப் பூங்காப் பகுதியில், யாரும் எதிர்பார்க்காத தொலைவில், ஸ்ப்ரூஸ் மரக்கிளைகளில் அதைக் கண்டார்கள்.